சிக்னல் இருக்கு, கனெக்ட் ஆகலை

கூடத்தில் ரவுட்டரின் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருக்கின்றன. அம்மாவின் போனில் சீரியல் தடங்கலின்றி ஓடுகிறது. மடிக்கணினியைத் திறந்தால் நம் வீட்டு வைஃபையின் பெயர் பட்டியலில் முதலாவதாக நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பெயரும் எதிர்க்கடைப் பெயரும்கூடத் தெரிகின்றன. பெயரைச் சொடுக்கி, கடவுச்சொல்லைத் தட்டினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, 'இந்த நெட்வொர்க்குடன் இணைக்க முடியவில்லை' என்று ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. இவ்வளவு தெளிவாகத் தெரிகிற ஒன்றோடு ஏன் சேர முடியவில்லை?

அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தில் இருக்கும் ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குள் போவோம். திருச்சி–சிதம்பரம் நெடுஞ்சாலையை ஒட்டி, ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள வீடு. மடிக்கணினியைக் காட்ட வேண்டுமென்றால் ஜெயங்கொண்டத்துக்கோ கும்பகோணத்துக்கோ பஸ் ஏற வேண்டும். இப்படிப்பட்ட வீட்டில் இருப்பது பெரும்பாலும் அரசு கொடுத்த மடிக்கணினிதான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு நிறுவனமான எல்காட் வழியாகக் கொள்முதலாகி, அடுத்தடுத்த ஆண்டுகளில் 50 லட்சம் அளவுக்கு மாணவர் கைகளுக்குப் போயின. அக்கா படித்து முடித்து, தம்பி கைக்கு வந்து, இன்னமும் ஓடிக்கொண்டிருப்பவை உண்டு. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையத்தில்தான் நடக்கிறது. விண்ணப்பிக்க வேண்டிய வாரத்தில் வைஃபை ஏறாத மடிக்கணினி அந்த வீட்டுக்குச் சின்னத் தொல்லை அல்ல.

அந்த வாரத்தில் மடிக்கணினி கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். பல நேரம் அது கெட்டுப்போயிருக்காது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

பட்டியலில் பெயர் வருவது எப்படி

ரவுட்டர் நொடிக்குச் சுமார் பத்து முறை, யாரும் கேட்காமலே, ஒரு சிறு செய்தியைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கிறது. கணக்காகச் சொன்னால் 102.4 மில்லிநொடிக்கு ஒரு முறை. 'என் பெயர் இது, இன்னின்ன வேகத்தில் பேசுவேன், என்னோடு சேர இன்ன பாதுகாப்பு முறை தெரிந்திருக்க வேண்டும்' என்பதுதான் அதில் இருக்கும் சேதி. இதை அறிவிப்பு அலை என்று அழைப்போம்.

வைஃபை பட்டியலைத் திறந்ததும் மடிக்கணினி ஒவ்வோர் அலைவரிசையாகப் போய்ச் சற்று நின்று காது கொடுக்கிறது. காதில் விழுந்த அறிவிப்புகளின் பெயர்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. வழக்கமாகத் தானும் 'யார் யார் இருக்கிறீர்கள்?' என்று ஒரு குரல் கொடுக்கும். ஆனால் அது கட்டாயமில்லை. சும்மா கேட்டாலே பட்டியல் வந்துவிடும். கடவுச்சொல் வேண்டாம், அனுமதி வேண்டாம், பதில் பேசவும் வேண்டாம்.

ஒரு வார்த்தைகூட வெளியே அனுப்ப முடியாத நிலையில் உள்ள மடிக்கணினியும் பெயர்களை அழகாகப் பட்டியலிட்டுக் காட்டும். அதனால் பெயர் தெரிவதை வைத்து மடிக்கணினிக்குக் காது கேட்கிறது என்று மட்டும்தான் சொல்லலாம்.

அறிவிப்பு அலைக்கு வேறு இரண்டு சலுகைகளும் உண்டு. அது மிக மெதுவான வேகத்தில் அனுப்பப்படுகிறது. மெதுவாகச் சொன்னது தூரத்திலும் இரைச்சலிலும் விளங்கும். அத்தோடு, பத்தில் ஒன்பது தொலைந்தாலும் கவலையில்லை. மீதி ஒன்று வந்து சேர்ந்தால் பெயர் திரையில் வந்துவிடும். இணைப்புக்குத் தேவையான செய்திகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

கோடுகள் எந்தப் பக்கத்தை அளக்கின்றன

திருவிழா நாளில் கோயில் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். அது ஊர்க்கோடி வரைக்கும் தெளிவாகக் கேட்கிறது. ஊர்க்கோடியில் நிற்கும் ஒருவர் தன் வாசலில் இருந்தபடியே பதில் சொன்னால் கோயிலில் இருப்பவருக்குக் கேட்குமா? வைஃபை ஐகானில் உள்ள கோடுகள் சொல்வது ஒலிபெருக்கியின் சத்தத்தை மட்டும். வாசலில் இருந்து கொடுக்கும் குரல் கோயிலை எட்டியதா என்று காட்டும் கோடு திரையில் எங்குமே இல்லை.

வீட்டு ரவுட்டர் ஒன்று பொதுவாக 100 மில்லிவாட் அளவில் அலையை அனுப்பும். மின்கலத்தில் ஓடும் மடிக்கணினி பெரும்பாலும் 30 மில்லிவாட் சுமாருக்குத்தான் அனுப்புகிறது. இடையில் இருக்கும் சுவர் பாரபட்சம் பார்ப்பதில்லை. போகும் அலையை எவ்வளவு விழுங்குமோ, வரும் அலையையும் அவ்வளவே விழுங்கும். வித்தியாசம் புறப்படும்போதே இருக்கிறது. அனுப்பியதில் 100 கோடியில் ஒரு பங்கு மட்டும் அடுத்த பக்கம் வந்து சேர்கிறது என்று கொள்வோம். அதிசயம் என்னவென்றால், அதையும் இந்தக் கருவிகள் சிரமமில்லாமல் கேட்டுவிடும். இன்னும் தள்ளிப்போய், கேட்கும் எல்லையின் விளிம்பில் நிற்கும்போதுதான் அந்த மூன்று மடங்கு வித்தியாசம் கணக்குக்கு வருகிறது. அங்கே ரவுட்டர் சொல்வது மடிக்கணினிக்குக் கேட்கும், மடிக்கணினி சொல்வது ரவுட்டருக்குக் கேட்காது.

நம் வீடுகளில் அந்த விளிம்பு நினைப்பதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. கேபிள்காரர் ரவுட்டரை டிவிக்கு மேலே மாட்டுவார், அதற்கு அடுத்த சுவரையொட்டி இரும்பு பீரோ நிற்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர்; ஆளுயர இரும்புத் தகட்டை அதனால் ஊடுருவ முடியாது, திரும்பித்தான் போகும். பழைய வீட்டின் முழங்கை அகலச் செங்கல் சுவர் பாதிக்கு மேல் விழுங்கும். கோயிலின் கருங்கல் சுவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எனவே முதல் சோதனைக்குக் காசு வேண்டாம். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ரவுட்டர் இருக்கும் அறைக்குப் போய் நான்கைந்து அடி தள்ளி உட்கார்ந்து சேர்த்துப் பாருங்கள். அங்கே சேர்ந்தால் சிக்கல் தூரமும் சுவரும்தான். அங்கேயும் சேராவிட்டால் மேலே படியுங்கள்.

பன்னிரண்டு செய்திகள்

'கனெக்ட்' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உள்ளே ஓர் உரையாடல். இன்றைக்கும் பரவலாக உள்ள டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில் அதன் ஒழுங்கு இது. முதலில், சேர வரலாமா என்று ஒரு கேள்வி, ஒரு பதில். அடுத்து, என்னை உன் பட்டியலில் சேர்த்துக்கொள் என்று ஒரு கேள்வி, ஒரு பதில். பிறகு கடவுச்சொல் தெரியுமா என்று பார்க்க நான்கு செய்திகள். கடைசியாக, வீட்டு வலையில் மடிக்கணினிக்கு ஒரு முகவரி எண் வாங்க இன்னும் நான்கு. ஆக, பன்னிரண்டு. பாதி அந்தப் பக்கம் இருந்து, பாதி இந்தப் பக்கம் இருந்து.

அனுப்பும் செய்திகளில் இரண்டுக்கு ஒன்று தொலைகிற மோசமான இடம் என்று வைத்துக்கொள்வோம். அறிவிப்பு அலை அங்கேயும் நொடிக்கு ஐந்து முறை வந்து சேரும். பெயர் பளிச்சென்று தெரியும். ஆனால் பன்னிரண்டு செய்திகளும் ஒன்றுகூடத் தவறாமல் முதல் முயற்சியிலேயே போய்ச் சேரும் வாய்ப்பு 4,096ல் ஒன்று. நல்லவேளையாக, கிடைத்ததற்கு ரசீது வராவிட்டால் இரு கருவிகளும் அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அதனால்தான் சுமாரான இடங்களிலும் வைஃபை பிழைக்கிறது. ஆனால் அந்த ரசீதும் இதே காற்றில்தான் திரும்பி வர வேண்டும்.

ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் இதே சிக்கல் வேறு விதமாக வரும். அங்கே அலை பலவீனமில்லை, கூட்டம் அதிகம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் மூன்றே மூன்று: 1, 6, 11. நாற்பது கடை ரவுட்டர்கள் இந்த மூன்றில் நெருக்கியடித்துப் பேசினால் செய்திகள் மோதித் தொலையும். பட்டியல் நீளமாக வரும், எதிலும் சேராது.

கடவுச்சொல் காற்றில் போவதில்லை

நாம் தட்டும் கடவுச்சொல்லை மடிக்கணினி ரவுட்டருக்கு அனுப்புகிறது, அது சரிபார்த்துச் சொல்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி அனுப்பினால் வழியில் காது கொடுக்கும் எவரும் அதைத் திருடிவிடலாம். ஆகவே அது அனுப்பப்படுவதே இல்லை.

மடிக்கணினி நம் கடவுச்சொல்லையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து 4,096 சுற்றுக் கணக்கில் அரைத்து ஒரு நீண்ட எண்ணை ஆக்குகிறது. ரவுட்டரும் தன்னிடம் உள்ள கடவுச்சொல்லை வைத்து அதே கணக்கைப் போட்டு வைத்திருக்கிறது. பிறகு நான்கு செய்திகளில் பேச்சு நடக்கிறது. ரவுட்டர் யாரும் முன்கூட்டி ஊகிக்க முடியாத ஓர் எண்ணைத் தருகிறது. மடிக்கணினி தன்னுடைய எண் ஒன்றைச் சொல்லி, இரண்டையும் ரகசிய எண்ணோடு கலந்து செய்த முத்திரையைப் பதித்துத் திருப்பி அனுப்புகிறது. அந்த முத்திரை தன் கணக்கோடு ஒத்துப்போனால் ரவுட்டர் மூன்றாவது செய்தியில் தன் முத்திரையைக் காட்டும். நான்காவது, மடிக்கணினியின் சம்மதம். ரகசியத்தை வெளியே சொல்லாமலே, இருவருக்கும் அது தெரியும் என்பது நிரூபணமாகிவிடுகிறது.

முத்திரை ஒத்துப்போகாவிட்டால் ரவுட்டர் 'தப்பு' என்று சொல்வதில்லை. வாய் திறக்காமல் அந்தச் செய்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதல் செய்தியையே மறுபடி அனுப்பும். சில முறை பார்த்துவிட்டுத் தொடர்பைத் துண்டித்துவிடும். மடிக்கணினிக்குக் கிடைப்பது மௌனம் மட்டுமே. கடவுச்சொல் தவறா, இல்லை செய்தியே போய்ச் சேரவில்லையா என்று அதற்கு உறுதியாகத் தெரிய வழியில்லை. ஆகவே திரையில் வரும் 'கடவுச்சொல் சரியில்லை' ஓர் ஊகம். சரியான கடவுச்சொல்லுக்கும் அது வரும். தவறான கடவுச்சொல்லுக்கு வெறும் 'இணைக்க முடியவில்லை' என்றும் வரலாம். திரை சொல்வதை அப்படியே நம்பி, சரியான கடவுச்சொல்லை மாற்றி மாற்றித் தட்டி அரை நாளைத் தொலைக்க வேண்டாம்.

தட்டும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தட்டச்சு தமிழ்99க்கு மாறிக் கிடந்தால் விழுவது வேறு எழுத்து. புள்ளிகளாகத் தெரிவதால் கண்ணுக்குப் படாது. கட்டத்தின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்தி எழுத்துகளைப் பார்த்துவிடுங்கள்.

புது ரவுட்டரும் பழைய மடிக்கணினியும்

இனி நம் கங்கைகொண்ட சோழபுரம் வீட்டுக்குள் போவோம். 2014ல் அக்காவுக்குக் கிடைத்த மடிக்கணினி. இடையில் யாரோ விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று கேபிள்காரர் வந்து பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு ஃபைபர் இணைப்போடு புது ரவுட்டரை மாட்டினார். வீட்டில் எல்லார் போனிலும் மறுபடி கடவுச்சொல் தட்ட வேண்டாமே என்று நல்லெண்ணத்தோடு பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் அப்படியே வைத்துவிட்டுப் போனார். போன்கள் தாமே ஏறிக்கொண்டன. மடிக்கணினி மட்டும் ஏறவில்லை.

“அண்ணே, நீங்க புது பாக்ஸ் மாட்டினதுலேர்ந்து லேப்டாப்ல மட்டும் ஏற மாட்டேங்குது. பேரு காட்டுது, ஃபுல் சிக்னலும் இருக்கு.”

“போன்ல வருதுல்ல தம்பி? அப்ப ரவுட்டர்ல ஒண்ணுமில்ல. லேப்டாப்லதான் கோளாறு.”

அண்ணன் சொல்வது நியாயம் போலத்தான் படுகிறது. ஆனால் அந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. இரண்டு பேரும் நல்ல நிலையில் இருந்தும், ஒருவர் பேசுவது மற்றவருக்குத் தெரியாத முறையாக இருந்தால் பேச்சு நடக்காது. அங்கே கோளாறு இவரிடமும் இல்லை, அவரிடமும் இல்லை. இதைப் பிரித்தறிய ஒரு சோதனை போதும்.

போனில் ஹாட்ஸ்பாட் போடுகிறோம். அதன் அமைப்பில் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 என்று வைக்கிறோம். மடிக்கணினியில் அந்தப் பெயரைச் சொடுக்கிக் கடவுச்சொல்லைத் தட்டியதும் ஏறிவிடுகிறது, இணையமும் வருகிறது. இந்த ஒரே முடிவிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் பாருங்கள். மடிக்கணினியின் ரேடியோ அனுப்புகிறது, கேட்கிறது. நான்கு செய்திப் பேச்சு அதற்குத் தெரியும். முகவரி எண் வாங்கவும் தெரியும். பன்னிரண்டு செய்திகளையும் வேறொருவரோடு குறையில்லாமல் பேசி முடித்திருக்கிறது. ஆக, வைஃபை கார்டு போய்விட்டது என்று யாராவது புதிதாக விற்க வந்தால் வாங்க வேண்டாம்.

அடுத்து, ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறோம். ஏறவில்லை. தூரம் காரணமில்லை என்று ஆகிவிட்டது.

மூன்றாவது, மடிக்கணினியின் நினைவை அழிக்கிறோம். வைஃபையில் ஒரு முறை சேர்ந்துவிட்டால் பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு முறை மூன்றையும் விண்டோஸ் குறித்து வைத்துக்கொள்ளும். அதே பெயரில் வேறு முறையோடு ஒரு ரவுட்டர் வந்து நின்றால் பழைய குறிப்பை நம்பி முட்டிக்கொண்டிருக்கும். பெயரின் மேல் வலது சொடுக்கு, 'ஃபர்கெட்', பிறகு புதிதாகச் சேர்ப்பது. இப்படிப்பட்ட சிக்கல்கள் பலவும் இந்தப் படியிலேயே முடிந்துவிடும். நம் வீட்டில் முடியவில்லை.

மிஞ்சியிருப்பது பாதுகாப்பு முறை. 1997ல் வைஃபைக்கான முதல் தரம் வந்தபோது கூட வந்த பூட்டு டபிள்யூஈபி. 2001லேயே அதை உடைத்துக் காட்டிவிட்டார்கள். 2003ல் அவசரத்துக்கு டபிள்யூபிஏ, 2004ல் உறுதியான டபிள்யூபிஏ2. அது பதின்மூன்று ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2017 அக்டோபரில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் மாத்தி வான்ஹூஃப், அந்த நான்கு செய்திப் பேச்சின் மூன்றாவது செய்தியைத் திரும்ப அனுப்பியே ஏமாற்றலாம் என்று காட்டினார். அந்த ஓட்டையை மென்பொருள் திருத்தங்களால் அடைத்தார்கள். அடுத்த ஆண்டு, 2018ல், டபிள்யூபிஏ3 வந்தது. 2020 ஜூலையிலிருந்து சான்று பெறும் புதுக் கருவிகளில் அது கட்டாயம்.

2014ல் செய்த மடிக்கணினிக்கு 2018ல் வந்த முறை எப்படித் தெரியும்? ரவுட்டரின் அறிவிப்பு அலையில் பெயரைப் படிக்கிறது, காட்டுகிறது. 'டபிள்யூபிஏ3 மட்டும்' என்று அதே அறிவிப்பில் இருக்கும் வரி அதற்குப் புரிவதில்லை. விண்டோஸ் 10க்கு 2019 முதல் டபிள்யூபிஏ3 தெரியும். ஆனால் வைஃபை கார்டுக்கும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கும் தெரிந்தால்தான் பயன். அந்தப் பழைய கார்டுக்கு இனி யாரும் புது டிரைவர் எழுதப்போவதில்லை.

இப்போது போனிலிருந்தே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கிறோம். முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. வயர்லெஸ் பகுதியில் பாதுகாப்பு முறை 'டபிள்யூபிஏ3' என்று நிற்கிறது. அதை 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' என்ற கலப்பு முறைக்கு மாற்றிச் சேமிக்கிறோம். ரவுட்டர் அரை நிமிடம் அணைந்து எழுகிறது. மடிக்கணினியில் சொடுக்குகிறோம். ஏறிவிட்டது.

சில பழைய கார்டுகள் கலப்பு முறையைக் கண்டும் குழம்பும். அதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, ரவுட்டரிலேயே உள்ள 'கெஸ்ட்' வலையைத் திறந்து, அதை மட்டும் டபிள்யூபிஏ2 முறையில் வேறு பெயரோடு வைப்பது. பழைய மடிக்கணினி அதில் இருக்கட்டும். போன்கள் டபிள்யூபிஏ3லேயே தொடரட்டும். எரிச்சலில் பூட்டையே எடுத்துவிட்டுத் திறந்த வலையாக வைக்காதீர்கள், டபிள்யூஈபிக்கும் இறங்காதீர்கள்.

டபிள்யூபிஏ2 வைத்தால் கடவுச்சொல்லில் கவனம் வேண்டும். அந்த நான்கு செய்திகளை வாசலில் நின்று பதிவு செய்துகொண்டு போகிற ஒருவர், பிறகு தன் வீட்டில் சாவகாசமாகக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டு முத்திரை ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். நம்மில் பலர் செல்போன் எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கிறோம். 6, 7, 8, 9ல் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் ஊகங்களைச் சோதிக்கும். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். எழுத்தும் எண்ணும் கலந்து பதினைந்து இடமாவது இருக்கும்படி வையுங்கள்.

மூடிக்குள் ஓடும் கம்பிகள்

ஹாட்ஸ்பாட்டிலும் ஏறவில்லை என்றால் மடிக்கணினியைச் சந்தேகிக்கலாம். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது டிரைவர். போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, 'யூஎஸ்பி டெதரிங்' போட்டால் வைஃபை இல்லாமலே மடிக்கணினிக்கு இணையம் வரும். அதை வைத்து மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கான டிரைவரை இறக்கிப் போடுங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகே தொல்லை தொடங்கியது என்றால் பழைய டிரைவருக்குத் திரும்பும் வசதியும் உண்டு.

அதுவும் பலிக்காவிட்டால் திருகாணிகளைக் கழற்றிப் பார்க்கலாம். மடிக்கணினியின் ஆண்டெனா வைஃபை கார்டில் இல்லை, திரையின் மூடிக்குள் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. அங்கிருந்து பென்சில் கோடு அளவுக்கு மெலிந்த இரண்டு கம்பிகள், பெரும்பாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, கீலின் வழியாக இறங்கி வந்து, அடிப்பலகையில் உள்ள கார்டின் முனையில் இரண்டு பொன்னிறப் பொத்தான்களில் அழுந்தி உட்கார்ந்திருக்கும். பொத்தான் ஒவ்வொன்றும் கடுகைவிடச் சற்றுப் பெரிது. பல வருடம் திறந்து மூடிய கீலில் கம்பி நைந்துபோகும். மின்விசிறியைச் சுத்தம் செய்யக் கழற்றிய கடையில் ஒரு பொத்தானைச் சரியாக அழுத்தாமல் விட்டிருப்பார்கள்.

கம்பி கழன்ற கார்டும் முழுச் செவிடு ஆகிவிடாது. ரவுட்டர் பக்கத்தில் வைத்தால் அறிவிப்பு அலை எப்படியோ உள்ளே நுழைந்துவிடும், பெயர் வந்துவிடும். பதில் குரல்தான் வெளியே போகாது. ரவுட்டரை ஒட்டி வைத்தும் ஒன்றிரண்டு கோடுகளுக்கு மேல் வராவிட்டால் இந்தக் கம்பிகளைத்தான் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். கடைக்காரர் விரல் நுனியால் ஓர் அழுத்து அழுத்தினால் தீர்ந்துவிடக்கூடிய கோளாறு இது. கார்டே போயிருந்தாலும் சில நூறு ரூபாய் யூஎஸ்பி வைஃபை செருகியால் மடிக்கணினி எழுந்துவிடும்.

சேர்ந்தும் பேசாத நிலை

வேறொரு நிலை உண்டு. 'கனெக்டட்' என்று வரும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. எட்டு செய்திகள் முடிந்து, முகவரி வாங்கும் கடைசி நான்கில் நின்றுபோயிருக்கலாம். வைஃபை விவரத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் எண் கொடுக்கவில்லை, மடிக்கணினி தனக்குத்தானே ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டது என்று பொருள். மின்வெட்டுக்குப் பிறகு ரவுட்டர் பழைய கணக்கை மறந்து எழுந்திருந்தால் இது நேரும். ரவுட்டரை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போட்டு, மடிக்கணினியையும் திரும்பத் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எண் ஒழுங்காக 192.168 என்று இருந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால் சிக்கல் வைஃபையில் இல்லை. தேதியைப் பாருங்கள், பழைய மடிக்கணினியின் உள் பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னே போயிருந்தால் உலாவி எந்தத் தளத்தையும் நம்ப மறுக்கும்.

கடைக்குப் போகும் முன்

பஸ் ஏறும் முன் மூன்று விவரங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் ஏறுகிறதா? ரவுட்டர் பக்கத்தில் வைத்தால் எத்தனை கோடு, ஏறுகிறதா? தொல்லை தொடங்கிய நாளில் என்ன மாறியது: ரவுட்டரா, விண்டோஸா, இல்லை கடையில் கழற்றிப் பூட்டினார்களா? 'வைஃபை வேலை செய்யலை' என்று மட்டும் சொன்னால் கடைக்காரருக்கு மாற்றக்கூடிய பாகம் பத்து இருக்கிறது. இந்த மூன்றையும் சொன்னால் பார்க்க வேண்டிய இடம் ஒன்றாகக் குறைந்துவிடும். ஹாட்ஸ்பாட்டில் ஏறுகிற மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறங்கள். பரணில் ஒன்று கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கி, சார்ஜரைச் செருகி, ஹாட்ஸ்பாட்டில் சேர்த்துப் பாருங்கள்.